கால் கேட்கிறது, என்ஜின் எப்போது கொடுக்கிறது?

என் பட்டறைக்கு வருகிற பையன்கள் இப்போதெல்லாம் மைலேஜ் கேட்பதில்லை. "ஏனுங்ணா, டர்போ எடுக்கட்டுங்களா, இல்ல என்.ஏ.வே போதுங்களா?" இதுதான் முதல் கேள்வி. என்.ஏ. என்று அவர்கள் சொல்வது நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்ஜினை. அதாவது டர்போ இல்லாமல், வெளிக்காற்றைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்ஜின். கோயம்புத்தூரில் இப்படிக் கேட்பதில் அதிசயம் இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையில் எட்டிப் பார்த்தாலும் யாராவது ஒருவர் பிஸ்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

நான் ரேஸ் கார்களுக்கு என்ஜின் கட்டுகிறவன். ரோட்டில் ஓடும் கார்களையும் பார்க்கிறேன். கார்புரேட்டர் காலத்தில் தொழில் பழகி, இன்றைக்கு லேப்டாப்பைச் செருகி இக்னிஷன் டைமிங் பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். இரண்டு வகையையும் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டிய கை இது. அந்தப் பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "சக்தி எவ்வளவுன்னு பாக்காதே தம்பி. உன் கால் கேக்கறதுக்கும் என்ஜின் கொடுக்கறதுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாரு." வேகமாக ஓட்டும் கலை முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

ஒரே 120, இரண்டு குணம்

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. 6,600 ஆர்.பி.எம்.மில் 121 பி.எஸ். கொடுக்கிறது. இன்னொன்று ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சி.சி., மூன்றே சிலிண்டர், டர்போ உண்டு. 6,000 ஆர்.பி.எம்.மில் 120 பி.எஸ். நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார் இது. சென்னையின் ரேஸ் டிராக்கும் அதே ஊரில்தான், 1990 முதல்.

விளம்பரத்தைப் படித்தால் இரண்டும் ஒரே சக்தி. ஓட்டிப் பார்த்தால் துளிக்கூட ஒற்றுமை இல்லை. காரணம் டார்க், நாம் இழுவை என்று சொல்வது. சிட்டியின் உச்ச இழுவை 145 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 4,300 ஆர்.பி.எம்.மில். ஐ20 கொடுப்பது 172. அதுவும் 1,500லேயே வந்துவிடுகிறது, 4,000 வரை அப்படியே நிற்கிறது. அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் உருண்டுகொண்டிருக்கிறீர்கள், இடம் கிடைக்கிறது. ஐ20யில் காலை அழுத்தினால் போதும். சிட்டியில் இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பையன்கள் டர்போ பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். சக்தி என்பது இழுவையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. அதைத் திருப்பிப் போட்டால், 6,000இல் 120 பி.எஸ். தரும் ஐ20க்கு அந்த இடத்தில் மிச்சமிருக்கும் இழுவை சுமார் 140. 6,600இல் 121 தரும் சிட்டிக்கு சுமார் 129. அதாவது மேலே போகப் போக டர்போ தன் உச்சத்திலிருந்து 32 நியூட்டன் மீட்டரை விட்டுவிடுகிறது, என்.ஏ. விடுவது 16தான். அதனால்தான் ஐ20 ஐந்தாயிரத்தைத் தாண்டியதும் "போதும், கியரை மாத்து" என்கிறது. சிட்டி "இன்னும் கொஞ்சம்" என்கிறது.

எந்த இடத்தில் கியர் மாற்றுவது, எந்த கியரில் வளைவுக்குள் போவது என்ற முடிவுகளெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன. டர்போ காரைச் சிவப்புக் கோடு வரை விரட்டி ஓட்டுகிறவர் பெட்ரோலையும் நேரத்தையும் வீணாக்குகிறார். என்.ஏ. காரை 2,500இல் வைத்துக்கொண்டு "பிக்கப்பே இல்லை" என்று குறைப்படுகிறவர் வாங்கிய பொருளில் பாதியைப் பயன்படுத்தவே இல்லை.

காற்றுதான் கணக்கு

எந்த பெட்ரோல் என்ஜினும் அடிப்படையில் காற்று இறைக்கும் இயந்திரம். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்; இன்ஜெக்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பாடு.

1.2 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 3,600 லிட்டர். எடையில் ஏறத்தாழ நான்கே கால் கிலோ காற்று. அதற்கு ஈடாக எரிக்க முடிந்த பெட்ரோல் கிட்டத்தட்ட 290 கிராம். இதற்கு மேல் சக்தி வேண்டுமென்றால் மூன்றே வழி. சிலிண்டரைப் பெரிதாக்கலாம். வேகமாகச் சுற்றவைக்கலாம். இல்லையென்றால் காற்றை அழுத்தித் திணிக்கலாம். மூன்றாவது வழிதான் டர்போ.

அதற்கு வேண்டிய சக்தியை டர்போ எங்கிருந்து எடுக்கிறது என்பதில்தான் சாமர்த்தியம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையில் நிறைய வெப்பமும் வேகமும் மிச்சமிருக்கின்றன. அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு சக்கரம், டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், கம்ப்ரெஸர். புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சின்ன கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அளவுக்கு மீறினால் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து புகையைப் பக்கவாட்டில் வெளியே விட்டுவிடும். ஐ20யின் இழுவை 1,500 முதல் 4,000 வரை மேசைபோலத் தட்டையாக இருக்கிறதே, அது தானாக அமைந்ததில்லை. அந்தக் கதவை எப்போது எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துச் சீவிய தட்டை அது.

மலை ஏறிய டர்போ

புகையை வைத்தே காற்றைத் திணிக்கலாம் என்று 1905இல் காப்புரிமை வாங்கியவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. வேகமான காருக்காக யோசித்த விஷயமில்லை இது. முதலில் பயன்பட்டது பெரிய டீசல் என்ஜின்களிலும் விமானங்களிலும்தான்.

விமானத்துக்கு ஏன்? உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, என்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்ற விமான என்ஜினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடி உயரத்துக்கு ஏற்றிச் சோதித்தார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த என்ஜின் மலை உச்சியில் 230க்கு இறங்கியது. டர்போ பூட்டியதும் 356.

நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகும் என்.ஏ. கார், மேலே போய்ச் சேரும்போது தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். சிட்டியின் 121, அங்கே 95க்குப் பக்கத்தில். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரில் இது நன்றாகவே தெரியும். டர்போ கார் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தன் சக்கரத்தைச் சுழற்றி அந்தக் குறையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். மலை ஏறுவதில் இரண்டுக்கும் போட்டியே இல்லை.

சாலைக் கார்களுக்கு டர்போ வந்தது 1962இல், அமெரிக்காவில்: ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர். ஜெட்ஃபயரில் பெட்ரோல் நேரம் தப்பிப் பற்றி என்ஜின் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஓட்டுநரே தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கார் நிலைக்கவில்லை.

டர்போவின் பெயரை உலகத்துக்குச் சொன்னது பந்தயம். ஃபார்முலா ஒன் விதியில் ஒரு வாசகம் அன்றைக்கு இருந்தது: டர்போ இல்லாவிட்டால் 3 லிட்டர், காற்றைத் திணித்தால் 1.5 லிட்டர். பாதி அளவு என்ஜினை யார் எடுப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிட, 1977இல் பிரிட்டிஷ் பந்தயத்துக்கு ரெனோ எடுத்துக்கொண்டு வந்தது. அடிக்கடி என்ஜின் வெடித்து வெள்ளைப் புகை விட்டதால் அந்த மஞ்சள் காருக்கு டீ கெட்டில் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1979 ஜூலை 1, பிரான்சின் டிஜோன் பந்தயத்தில் ழான் பியர் ஜபூயி அதே வகைக் காரில் வென்றார். டர்போவின் முதல் வெற்றி.

ஆனால் அந்தப் பந்தயத்தை இன்றும் ஜனங்கள் வீடியோவில் பார்ப்பது இரண்டாம் இடத்துக்கு நடந்த சண்டைக்காக. ஒரு பக்கம் ரெனே அர்னூ, ரெனோ டர்போ. மறுபக்கம் ஜில் வில்நவ், 12 சிலிண்டர் ஃபெராரி, டர்போ இல்லை. கடைசிச் சுற்றுகளில் சக்கரத்தோடு சக்கரம் உரச, மாறி மாறி முந்தினார்கள். கால்நொடி வித்தியாசத்தில் வில்நவ் இரண்டாவது வந்தார். நம் பையன்களின் கேள்வியை உலகத்தின் மிகச் சிறந்த இரண்டு ஓட்டுநர்கள் அன்றைக்கே போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் என்.ஏ.வால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1986 வாக்கில் தகுதிச்சுற்றுக்கென்றே முறுக்கிய 1.5 லிட்டர் பி.எம்.டபிள்யூ. என்ஜின் 1,300 குதிரைத்திறனைத் தாண்டியதாகச் சொல்வார்கள். 1988இல் ஹோண்டா டர்போ வைத்த மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. 1989இல் டர்போவையே தடை செய்தார்கள். மறுபடி அது வந்தது 2014இல்.

வளைவில் நடப்பது

நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் வேகமாகப் போகலாம். ஓட்டத் தெரிந்தவரா என்று காட்டுவது வளைவு. அந்தச் சில நொடிகளை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

கொண்டை ஊசி வளைவு வருகிறது. பிரேக் அடிக்கிறீர்கள், கியரை இறக்குகிறீர்கள். கால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது, புகை குறைகிறது, டர்பைன் வேகம் விழுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பி வளைவின் நடுவுக்கு வந்தாயிற்று. இனி மெல்லக் காலைக் கொடுக்க வேண்டும். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். திரும்புவதற்குப் போக மிச்சமிருப்பதை மட்டும்தான் முன்னே தள்ளுவதற்குத் தர முடியும். ஸ்டீயரிங் நேராக நேராகக் கால் இறங்க வேண்டும்.

என்.ஏ. காரில் காலை ஒரு இஞ்ச் இறக்கினால் அந்த ஒரு இஞ்சுக்கான இழுவை அப்போதே வருகிறது. டயர் வழுக்கத் தொடங்கினால் அரை இஞ்ச் தூக்கலாம், அதுவும் அப்போதே கேட்கும். கால் பேசுவதை டயர் கேட்கிறது, டயர் பேசுவதைக் கால் கேட்கிறது. நடுவில் ஆள் இல்லை.

டர்போ காரில் நடுவில் ஒரு ஆள் இருக்கிறான். காலை இறக்கினால் முதலில் வருவது டர்போ இல்லாத 1 லிட்டர் என்ஜினின் இழுவை. புகை கூடி, டர்பைன் வேகம் பிடித்து, அழுத்தம் ஏறிய பிறகு மீதி வருகிறது. அதுவரை பொறுமை இல்லாதவர் காலை இன்னும் அழுத்தியிருப்பார். அப்போது கேட்டதும் இப்போது கேட்டதும் சேர்ந்து ஒரே வீச்சில் வரும். ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் காரென்றால் மூக்கு வெளியே ஓடும். பின்சக்கரம் தள்ளும் காரென்றால் வால் சுழற்றும். 1975இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவுக்கு, பின்னால் தொங்கும் என்ஜினும் தாமதமாக வரும் டர்போவும் சேர்ந்து, ஆளைக் கொல்லும் கார் என்ற பேரே வந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, சுழற்சி மிகக் குறைவாக இருக்கும்போது டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகையே இல்லாதது. 1,200 ஆர்.பி.எம்.மில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முழு அழுத்தம் வராது. கியரை இறக்கினால்தான் தீரும். இன்னொன்று, போதுமான சுழற்சி இருந்தும் கால் கொடுத்த பிறகு அழுத்தம் ஏற ஆகும் நேரம். இதுதான் டர்போ லேக். கியர் மாற்றி இதைக் குறைக்கலாம், அறவே போக்க முடியாது.

தெரிந்தவர்கள் அதற்கேற்ப ஓட்டுவார்கள். வளைவின் நடுவுக்கு வருமுன்பே, பிரேக்கை விடும்போதே, காலைத் துளி கொடுத்து டர்பைனை விழித்திருக்க வைப்பார்கள். ராலி ஓட்டுநர்கள் இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிப்பதில் இதுவும் ஒரு காரணம். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. புகைப் பாதையை இரண்டாகப் பிரிக்கும் ட்வின் ஸ்க்ரோல் வந்தது, எடை குறைந்த சிறிய சக்கரங்கள் வந்தன. 2014 முதல் ஃபார்முலா ஒன்னில் டர்போ தண்டையே மின்மோட்டார் வைத்துச் சுழற்றினார்கள். லேக் கிட்டத்தட்டக் காணாமல் போனது. அந்த மோட்டாரின் செலவும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் எடுத்துவிட்டார்கள்.

ஓட்டக் கற்றுக்கொள்ள என்.ஏ. என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எங்கள் ஊர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஃபார்முலா கார்களில் இருப்பது 1.3 லிட்டர் சுசுகி என்ஜின், டர்போ இல்லாதது. சக்தி பெரிதாக இல்லை. ஆனால் வளைவில் வேகத்தைத் தொலைத்துவிட்டால் அதைத் திரும்பத் தர யாரும் இல்லை. டர்போ காரில் வளைவைச் சொதப்பினாலும் அடுத்த நேர்ரோட்டில் 172 நியூட்டன் மீட்டர் வந்து மூடி மறைத்துவிடும். அப்புறம் தப்பை எங்கே திருத்துவது?

பத்தாவது சுற்றின் சூடு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போ செய்வதும் அதுதான். சித்திரை மாதத்து 40 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் வெளியே வரும்போது 130 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று மெலிந்த காற்று. போதாததற்கு, ஸ்பார்க் மூட்டிய தீ போய்ச் சேருமுன்னே கலவையை ஆங்காங்கே தானாகப் பற்றவைத்து என்ஜினைத் தட்டவும் வைக்கும். அதனால் இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் வழியாக அதைக் குளிரவைத்து அனுப்புகிறார்கள்.

டிராக்கில் முதல் மூன்று சுற்று டர்போ கார் பறக்கும். பிறகு இன்டர்கூலரே சூடேறிவிடும். தட்டல் சென்சார் எச்சரிக்க, கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அழுத்தத்தையும் குறைக்கும். லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் அந்த எண்கள் சுற்றுக்குச் சுற்று இறங்குவது தெரியும். ஓட்டுகிறவருக்குத் தெரிவது "கார் டல்லடிக்குது" என்பது மட்டும். என்.ஏ. காரும் வெயிலில் கொஞ்சம் இழக்கத்தான் செய்யும். ஆனால் முதல் சுற்றில் இருந்தது பத்தாவது சுற்றிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

செத்துப்போன டர்போ ஒன்று என் மேசைமேல் எப்போதும் கிடக்கும், பையன்களுக்குக் காட்டுவதற்கென்றே. தண்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது தப்பில்லை. அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடி சுழல வேண்டியது. முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் ஆட்டம் இருக்கவே கூடாது. என்னிடம் இருப்பது டக் டக்கென்று ஆடும். கம்ப்ரெஸர் சக்கரத்தின் இதழ் நுனிகள் உறையில் உரசி மழுங்கியிருக்கும். எண்ணெய் வரும் துளைக்குள் டார்ச் அடித்தால் கரி, கரும்பாறைபோல. மலையிறங்கி விரட்டி வந்த சூட்டோடு சாவியைத் திருகி அணைத்துவிட்டுப் போய்விடுவார் அதன் சொந்தக்காரர். எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் பக்கம் தகித்துக்கொண்டிருக்கும், உள்ளே நின்ற எண்ணெய் வெந்து கரியாகும். இன்றைய டர்போக்களில் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. ஆனாலும் விரட்டி ஓட்டினால் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது. எண்ணெய் முழு சிந்தெட்டிக்காக இருக்கட்டும், மாற்றும் தேதி தள்ளிப்போக வேண்டாம்.

மூச்சை நம்பியவர்கள்

டர்போ இல்லாமல் சக்தி எடுக்க மிச்சமிருக்கும் வழி சுழற்சி. 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர், ஜப்பானில் விற்ற மாடலுக்கு 8,300 ஆர்.பி.எம்.மில் 250 பி.எஸ்.; சிவப்புக் கோடு 9,000. அந்த வேகத்தில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திரும்புகிறது. பிஸ்டன், ராடு, வால்வு ஸ்பிரிங் எல்லாம் அந்த அடியைத் தாங்க வேண்டும். என்.ஏ. என்ஜினில் சக்தி எடுப்பது விலையேறிய வேலை என்பது இதனால்தான். நரேன் 2005இல் ஓட்டிய ஜோர்டன் காரில் இருந்ததும் டர்போ இல்லாத 3 லிட்டர், 10 சிலிண்டர் டொயோட்டா. அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றைய சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். புகையின் பாதையில் டர்பைன் குறுக்கே நின்றால் சத்தத்திலும் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

ஃபெராரியே மாறிவிட்டது. 458 இத்தாலியா: 4.5 லிட்டர், டர்போ இல்லை, 9,000 ஆர்.பி.எம்.மில் 570 பி.எஸ்., 540 நியூட்டன் மீட்டர். அடுத்து வந்த 488: 3.9 லிட்டர், இரண்டு டர்போ, 670 பி.எஸ்., 760 நியூட்டன் மீட்டர். ஒன்று கவனியுங்கள். அந்த 760ஐ ஃபெராரி ஏழாம் கியரில் மட்டும்தான் முழுதாகத் தருகிறது. கீழ் கியர்களில் வேண்டுமென்றே குறைத்து, சுழற்சி ஏற ஏற இழுவை கூடுவதுபோல் அமைத்திருக்கிறார்கள். டர்போ வைத்துவிட்டு, அது என்.ஏ.போல் நடந்துகொள்ளப் பாடுபடுகிறார்கள். நல்ல ஓட்டுநரின் கால் எதை விரும்புகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டாம். போர்ஷேயும் சாதாரண 911களுக்கு டர்போ பூட்டிவிட்டு, டிராக்குக்குப் போகும் ஜி.டி.3க்கு மட்டும் 9,000 சுற்றும் 4 லிட்டர் என்.ஏ.வை விடாமல் வைத்திருக்கிறது.

வரி அளப்பது சிலிண்டரை

நம் ஊர் ஷோரூம்களில் டர்போ பெருகியதற்குப் பந்தயம் காரணமில்லை, வரி. 2006 பட்ஜெட்டிலிருந்து சின்ன காருக்கு ஓர் எல்லை வந்தது: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லைக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; தாண்டினால் 40. ஐ20யின் 998 சி.சி. உள்ளே. சிட்டியின் 1.5 லிட்டர் வெளியே. இரண்டும் 120 பி.எஸ். அரசு அளப்பது சிலிண்டரின் கொள்ளளவை. டர்போ அதற்குள் எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று கேட்பதில்லை. அன்றைய ஃபார்முலா ஒன் விதியில் ரெனோ கண்ட சந்து இதேதான்.

சக்தியைக் கூட்டிக்கேட்டு வருகிறவர்களுக்கும் டர்போதான் சாதகம். கம்ப்யூட்டரில் மேப் மாற்றினாலே குறிப்பிடும்படி ஏறும், என்.ஏ.வில் அதே வேலைக்குக் கிடைப்பது கொசுறு. ஆனால் கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய இழுவைக்குச் செய்தவை, வாரன்டியும் போய்விடும். இதைச் சொன்ன பிறகும் கேட்பவருக்கே நான் லேப்டாப்பைத் திறக்கிறேன்.

வாங்கப் போகிறவருக்கு

டெஸ்ட் டிரைவில் ஷோரூம் பையன் ஸ்டார்ட் பண்ணி ஒரு விரட்டு விரட்டிக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். காலி ரோட்டில், ஏசி போட்டு, மூன்று விஷயம் செய்து பாருங்கள். மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு முழுக்க அழுத்துங்கள். எப்போது இழுக்கத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை ஒரு முறை கொண்டுபோங்கள். கடைசி ஆயிரம் சுற்றில் உற்சாகம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ஒரே வேகத்தில் போகும்போது காலை முழுக்க எடுத்து, ஒரு நொடி விட்டு, பாதி மட்டும் கொடுங்கள். நீங்கள் கேட்ட பாதி, பாதியாகவே வருகிறதா? தாமதித்து, முக்காலாக வருகிறதா?

தினமும் நெடுஞ்சாலை, மாதம் ஒரு முறை ஊட்டியோ வால்பாறையோ, குடும்பத்தோடு பயணம் என்றால் டர்போ வாங்குங்கள்; யோசிக்கவே வேண்டாம். கரியிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் டேக்குப் பணம் கட்டி, நேரத்தைக் குறைப்பது மட்டுமே குறி என்றால் அதற்கும் டர்போதான், நல்ல இன்டர்கூலரோடு. ஆனால் ஓட்டுவதில் தேற வேண்டும், வளைவில் என்ன செய்தோம் என்று கால்வழியே தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர், பழைய என்.ஏ. கார் ஒன்றைத் தேடிப் பிடித்து இரண்டு வருடம் ஓட்டட்டும். அதில் தேறியவர் எந்த டர்போவையும் ஓட்டிவிடுவார். டர்போவில் தொடங்கியவருக்கு என்.ஏ. ஓட்ட, முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.